இன்ஜினைப் பிரிக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தன் கணவரோடு சேர்ந்து வண்டிப் பட்டறை நடத்தும் நம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், ஐ.எஃப்.ஏ.டி. உதவியோடு, தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்தன. அன்றைக்குக் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்று கடன் வாங்கினோம். இன்றைக்கு லோடு வண்டி வாங்கி ஓட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறோம். பெருமையான விஷயம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. மாடு வாங்கும்போது நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம், நாலடி நடக்க விட்டுப் பார்ப்போம். மாடு இரை எடுக்கலைன்னா ஏன்னு நமக்கே ஓரளவு தெரியும். வண்டின்னு வந்துட்டா மட்டும், "அது ஆம்பளைங்க சமாச்சாரம், மெக்கானிக் சொன்னா சரி"ன்னு ஒதுங்கிடறோம். கடன் நம்ம பேரில், தவணை கட்டுறது நாம. அப்புறம் எப்படி ஒதுங்கலாம்?

வண்டிக்கும் பல் பிடிச்சுப் பார்க்கிற வழி இருக்கு. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு, 12 பேர், பழைய பெட்ரோல் லோடு வண்டி ஒன்றை வாங்கினாங்க. நாலு சிலிண்டர் வண்டி. பாலக்கோடு பக்கம் இருந்து தக்காளி ஏத்திக்கிட்டு சேலம் போகும். திரும்பி வரும்போது மாட்டுக்குப் புண்ணாக்கு, தவிடு மூட்டை வரும். இரண்டு மாசம் நல்லா ஓடிச்சு. மூணாவது மாசம், திரும்பி வரும்போது தொப்பூர் மேட்டில் இன்ஜினில் ஒரு சத்தம். சில்லறைக் காசை டப்பாவில் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. கூடவே டிரைவர் முன்னாடி இருக்கிற போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிய ஆரம்பிச்சது.

ஒரு பட்டறையில் காட்டினாங்க. அங்கே இருந்தவர் சத்தத்தைக் கேட்டுட்டு, "இன்ஜின் போச்சு, இறக்கிப் பிரிக்கணும், 45,000 ரூபாய் ஆகும், 10,000 முன்பணம் கொடுங்க"ன்னு சொல்லிட்டார். டிரைவர் தம்பி பயந்துட்டான். ஆனால் அந்தக் குழுத் தலைவி ஒரே வார்த்தை சொன்னாங்க: "குழுவில் பேசித் தீர்மானம் போடாம ஒரு ரூபாயும் எடுக்க முடியாதுங்க." அந்த விதி அவங்களுக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. மறுநாள் வண்டி எங்க பட்டறைக்கு வந்தது.

அந்த 45,000 என்ன பணம்னு நினைக்கிறீங்க? ஜூன் மாசம் பிள்ளைங்க படிப்புக்குன்னு உள்கடன் கொடுக்க வைத்திருந்த பணம். அது இன்ஜினுக்குப் போயிருந்தா அந்த வருஷம் ஐந்தாறு வீட்டில் பிள்ளைங்க படிப்புக்குக் கந்துவட்டிதான்.

முதல் கேள்வி: சத்தம் எப்போ வருது?

நான் வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி டிரைவரைத்தான் விசாரித்தேன். காலையில் ஸ்டார்ட் பண்ணதுமே வருதா? சும்மா நிக்கும்போது வருதா? காலி வண்டியில் வருதா, லோடு இருந்தால்தான் வருதா? கியரைக் குறைத்தால் நிக்குதா?

தம்பி சொன்னான்: "சும்மா நிக்கும்போது வரலைங்கக்கா. லோடோட மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சா வருது. கியரைக் குறைச்சா குறையுது. வெயில் நேரத்தில் அதிகம்."

பாதி நோய் இதிலேயே தெரிஞ்சு போச்சு. சத்தத்தை நாலு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லோடில், மேட்டில், மிதிக்கும்போது மட்டும் மெல்லிசா "கிணி கிணி"ன்னு வந்தால், அது நாக்கிங்.

நிற்கும்போதும் "டிக் டிக்"னு வந்து, ரேஸ் பண்ணப் பண்ண வேகமாகும் சத்தம் பெரும்பாலும் டாப்பட் சத்தம்.

அடியில் இருந்து கனமா "டக் டக்"னு சுத்தியலால் அடிக்கிற மாதிரி வந்தால், அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அதுதான் பெரிய செலவு.

சைலன்சர் குழாயின் மேல் இருக்கிற தகடு போல்ட் கழன்று ஆடினாலும் நாக்கிங் மாதிரியே கேட்கும். அதுக்கு ஒரு போல்ட்டை முறுக்கினால் போதும்.

நாக்கிங்னா என்ன?

காய்ந்த சருகுக் குவியலில் ஒரு ஓரத்தில் நெருப்பு வைத்தால் என்ன ஆகும்? அந்த ஓரத்தில் இருந்து வரிசையாகப் பரவும். பெட்ரோல் இன்ஜினுக்குள்ளும் அப்படித்தான். பிளக்கில் பொறி விழும், அங்கே இருந்து தீ பரவும், அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இதுதான் முறை.

ஆனால் உள்ளே சூடும் அழுத்தமும் மிஞ்சிப் போனால், தீ வந்து சேரும் முன்பே எதிர் ஓரத்தில் இருக்கிற பெட்ரோல் காற்று தானாகவே பத்திக்கொண்டு வெடிக்கும். அந்த அதிர்ச்சி இரும்பில் மோதுகிற சத்தம்தான் நாம் கேட்பது. கொஞ்ச நேரம் வந்தால் பெரிய கேடு இல்லை. அப்படியே மாசக்கணக்கில் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகலாம், பிஸ்டனே ஓட்டையாகலாம். அதனால் "சத்தம்தானே"ன்னு விடவும் கூடாது, சத்தம் கேட்டதும் இன்ஜினைப் பிரிக்கவும் கூடாது.

டீசல் வண்டி வைத்திருக்கிறவங்க ஒன்று கவனிக்கணும். டீசல் இன்ஜினில் தீப்பொறி போடுகிற பிளக் கிடையாது. அதுக்கு இயல்பாகவே கொஞ்சம் தட்டல் சத்தம் உண்டு. புதுசாகச் சத்தம் கூடினால் இன்ஜெக்டர், டீசல் பில்டர், டீசல் லைனில் காற்று என்று வேறு பக்கம் பார்க்கணும்.

லைட்டின் நிறத்தைப் பாருங்க

போர்டில் எரிகிற லைட் எல்லாம் ஒன்றில்லை.

சிவப்பில் எண்ணெய்க் குடம் மாதிரி படம் எரிந்தால், ஆயில் அழுத்தம் இல்லைன்னு அர்த்தம். வீடு பக்கத்தில்தான் இருக்குன்னு ஓட்டாதீங்க. அந்த இடத்திலேயே ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைக்கணும்.

சிவப்பில் வெப்பமானிப் படம் எரிந்தாலும் நிறுத்தணும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும்.

இன்ஜின் படம் மஞ்சளாக நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். அதே லைட் விட்டு விட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக் குழாய்க்குப் போகுது. இறக்க முடிந்த லோடை இறக்கிட்டு, மிதிக்காமல் ஓரம் கட்டுங்க. இல்லைன்னா புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வெர்ட்டர் எரிந்து போகும். அது விலை கூடிய சாமான்.

அந்தக் குழு வண்டியில் மஞ்சள் லைட் நிலையாக எரிந்தது. ஆயில் லைட் இல்லை. ஆக அவசரப்பட்டு 10,000 முன்பணம் கட்ட வேண்டிய நிலைமை இல்லைன்னு அப்பவே தெரிஞ்சது.

ஸ்கேன் எடுத்தீங்களா?

2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற புது வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி வந்தது. இந்த வண்டிகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்து இன்ஜினைக் கண்காணிக்கும். எங்கேயாவது தப்பு நடந்தால் லைட்டைப் போட்டு, ஒரு எண்ணையும் எழுதி வைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கத்தில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகினால் எண் தெரியும். அதுக்கு முன்னாலேயே பி.எஸ்.4 வண்டிகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு.

சில எண்களைச் சொல்கிறேன். பி0325 என்றால் நாக் சென்சார் இணைப்பில் கோளாறு. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0300 என்றால் சிலிண்டர்களில் பொறி தவறுது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் தவறுது. இதெல்லாம் எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான எண்கள்.

எண்ணைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. எண் நோய் இருக்கிற தெருவைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. பி0325 வந்ததும் புது சென்சார் வாங்கி மாட்டினால், வயரில் தப்பு இருந்தால் அந்தக் காசு வீண். லைட் விழுந்த நேரத்தில் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு, வேகம் எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் சேர்த்து எழுதி வைத்திருக்கும். அதையும் காட்டச் சொல்லிக் கேளுங்க.

இன்னொன்று முக்கியம். "பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா லைட் போயிடும்"னு யாராவது சொன்னால் விடாதீங்க. லைட் போகும், நோய் போகாது. எழுதி வைத்த சாட்சியும் அழிந்து போகும். முதலில் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு அப்புறம் அழிக்கச் சொல்லுங்க.

மலிவானதில் இருந்து ஆரம்பிங்க

நாக்கிங் என்று தெரிந்தால், செலவு குறைந்ததில் இருந்து வரிசையாகப் பார்க்கணும்.

ஒன்று, ஓட்டுகிற விதம். லோடோடு மேட்டில் மேல் கியரிலேயே மிதித்து இழுத்தால் நல்ல இன்ஜினும் நாக் அடிக்கும். கியரைக் குறைங்க. இதுக்குச் செலவே இல்லை.

இரண்டு, பெட்ரோல். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கண்டிப்பாக நாக்கிங் வரும். பங்க்கில் பில்டர் பேப்பர் கேட்பது நம் உரிமை. ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிஷத்தில் காய்ந்து போகணும். கறை மாதிரி தங்கினால் சந்தேகம்தான். எத்தனால் கலந்ததால்தான் நாக்கிங் வருதுன்னு சிலர் சொல்றாங்க. அது சரியில்லை. எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் டேங்க்கில் மழைத்தண்ணி இறங்கினால் எத்தனால் தண்ணியோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிடும், அப்போ தொல்லைதான். டேங்க் மூடி ரப்பர் நல்லா இருக்கான்னு பாருங்க.

மூன்று, சூடு. கூலன்ட் அளவு, ரேடியேட்டரில் அடைத்த மண்ணும் பூச்சியும், ஃபேன் சுத்துதான்னு பார்க்கணும்.

நான்கு, பிளக். வண்டிப் புத்தகத்தில் எழுதிய வகைதான் போடணும். வேறு வகை பிளக் அளவுக்கு மேல் சூடாகி நாக்கிங்கைக் கிளப்பும்.

ஐந்து, காற்று. ஏர் பில்டருக்கு அப்புறம் இருக்கிற ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் காற்று அதிகம் போகும், பெட்ரோல் பத்தாமல் சூடு ஏறும்.

ஆறு, சென்சாரும் வயரும்.

ஏழாவதாகத்தான் உள்ளே படிந்த கரி, வால்வு, பிஸ்டன் எல்லாம். இன்ஜினைப் பிரிக்கிற பேச்சு அங்கேதான் வரணும்.

அந்த வண்டிக்கு என்ன கோளாறு?

ஸ்கேனில் பி0325 வந்தது. நாக் சென்சார் என்பது இன்ஜின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு காது. எல்லா வண்டியிலும் இருக்காது, இந்த வண்டியில் இருந்தது. நாக்கிங் அதிர்வு கேட்டதும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பொறியைக் கொஞ்சம் தாமதமாக விடும். நாக்கிங் அடங்கிடும்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். உள்பக்கத்தில் எலி கடித்திருக்கு. முன்னாடி வைத்திருந்தவர் டேப் சுத்தி விட்டிருக்கார். மழை ஈரத்தில் அந்த இடம் பச்சை பூத்துக் கிடந்தது. காது செத்துப் போச்சு.

காது செத்தால் கம்ப்யூட்டர் பொதுவாகவே பொறியைத் தாமதப்படுத்தி வைக்கும். அதனால் இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். தலைவியும் "மைலேஜ் குறைஞ்சிருக்கு"ன்னு கணக்கு நோட்டைக் காட்டினாங்க. ஆனால் அந்தத் தாமதமும் பத்தாமல் ஏன் நாக் அடிக்குது? வேறு காரணமும் இருக்கணும் இல்லையா? தேடினேன். ரேடியேட்டரின் வெளிப்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பிக் கிடந்தது. உள்ளே கூலன்ட் இல்லை, வெறும் போர்த் தண்ணி. நாலு பிளக்கில் இரண்டு வேறு வகை.

வயரை வெட்டிப் புது இணைப்பு போட்டேன். நாலு பிளக் மாத்தினேன். ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் ஊத்தினேன். ஸ்கேன், கூலி எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய்.

அத்தோடு விடவில்லை. பட்டறை வாசலில் ஸ்டார்ட் பண்ணி "சரியாப் போச்சு"ன்னு சொன்னால் அது சோதனை ஆகாது. எந்த மேட்டில், எந்த லோடில், எந்த வெயிலில் சத்தம் வந்ததோ அங்கேயே ஓட்டிப் பார்க்கணும். சேலம் போய் அதே மூட்டைகளை ஏத்திக்கிட்டு, மத்தியானம் தொப்பூர் மேட்டில் ஏறினாங்க. சத்தம் இல்லை. பத்து நடை ஆன பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தோம். எண் எதுவும் வரவில்லை.

இறக்கித்தான் ஆகணும் என்றால்?

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர் என்று நான் சொல்ல வரவில்லை. சில நேரம் இன்ஜினை இறக்கித்தான் ஆகணும். கனமான "டக் டக்" சத்தம், கூடவே ஆயில் லைட். இல்லை ஆயில் நிறையக் குடித்து நீலப் புகை. இல்லை கூலன்ட்டும் ஆயிலும் கலந்து மோர் மாதிரி ஆவது. இதெல்லாம் பெரிய வேலைக்கு அடையாளம். அப்பவும் பிரிக்கும் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு, ஆயில் அழுத்தம் எவ்வளவுன்னு மீட்டர் வைத்துப் பார்க்கலாம். அளவைப் பேப்பரில் எழுதி வாங்குங்க. செலவுக் கணக்கையும் எழுதி வாங்குங்க. மாத்தின பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்க. நியாயமா வேலை செய்கிறவர் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவங்களுக்கு

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்க. முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன்னு கேளுங்க.

ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்க. இன்ஜின் படம், ஆயில் படம் இரண்டும் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். முதலிலேயே எரியவில்லை என்றால், லைட்டை மறைத்தோ கழட்டியோ வைத்திருக்கலாம். எரியாத லைட்டைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க.

ஸ்கேன் எடுக்காமல் முன்பணம் கொடுக்காதீங்க. எண் எதுவும் இல்லைன்னாலும், எண்ணை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாருங்க. பல வண்டிகளில் ஸ்கேனர் அதைக் காட்டும். நேத்துதான் அழித்திருந்தால் எதையோ மறைக்கிறாங்க.

லோடோடு ஒரு மேட்டில் ஏத்திப் பாருங்க. காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

ஆர்.சி. புக்கில் பழைய பைனான்ஸ் பேர் நீங்கியிருக்கா, எப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் நடப்பில் இருக்கான்னு பாருங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

வண்டி வைத்திருக்கிற ஒவ்வொரு குழுவும் 40 பக்க நோட்டு ஒன்று போடுங்க. பெட்ரோல் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், ஆயில் மாத்தின தேதி, லைட் எரிந்த தேதி, ஸ்கேனில் வந்த எண், கொடுத்த காசு. எழுதத் தெரிந்த ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்குங்க. மாசக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு வாசிக்கிற மாதிரி இதையும் வாசிங்க. மைலேஜ் குறைந்ததை அந்தத் தலைவி நோட்டில் காட்டினதால்தான் எனக்கு வேலை சுலபமாச்சு.

தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்துக்குங்க: "ஸ்கேன் அறிக்கையும், எழுத்தில் செலவுக் கணக்கும் இல்லாமல் இன்ஜின் வேலைக்குப் பணம் எடுக்கக் கூடாது." யாராவது அவசரப்படுத்தினால் அந்த வரியைக் காட்டுங்க. நாம் ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

அந்தக் குழுவில் இந்த ஜூன் மாசம் ஆறு பேருக்குப் படிப்புக் கடன் கொடுத்திருக்காங்க. வண்டியும் ஓடிக்கிட்டிருக்கு.

சந்தேகம் இருக்கிறவங்க கூட்டம் முடிந்ததும் வாங்க, வெளியே நிற்கிற வண்டியிலேயே லைட்டைக் காட்டுகிறேன்.